"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஒரு பெண் சொன்னால்...

உங்கள் அண்ணன் குடும்பம் லண்டனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இரவு அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் உங்களைக் கூப்பிடுகிறாள். பாத்ரூம் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிறாள். "அத்தை, லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டு வர்றாங்க. வந்தா அங்கேயே எனக்குக் கல்யாணத்தை முடிச்சிருவாங்க போல. பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம்மில் பலர் போனை வைத்ததும் அண்ணனைக் கூப்பிடுவோம். "என்னண்ணே, பிள்ளை இப்படிச் சொல்லுது? உட்கார்ந்து பேசக் கூடாதா?" என்போம். நல்ல மனதோடுதான் அதைச் செய்வோம். சண்டை வந்தால் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் நமக்குத் தெரிந்த வழி.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வழி ஆபத்தானது. ஏன் ஆபத்து, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

மானத்தின் பேரால் நடக்கும் வன்முறை என்றால் என்ன?

ஒரு பெண் யாரோடு பேசுகிறாள், என்ன உடுத்துகிறாள், யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதில்தான் குடும்பத்தின் மானம் இருக்கிறது என்று நினைத்து, அந்த மானத்தைக் காப்பாற்ற அவளை அடக்குவதும் தண்டிப்பதும்தான் இது.

கொலை இதன் கடைசிப் படி. அதற்கு முன்னால் பல படிகள் உண்டு. போனை வாங்கிப் பார்ப்பது, பள்ளிக்கு அண்ணனைத் துணைக்கு அனுப்பி வேவு பார்க்கச் சொல்வது, படிப்பை நிறுத்துவது, அறையில் பூட்டி வைப்பது, அடிப்பது, விருப்பமில்லாத ஒருவனுக்குக் கட்டி வைப்பது, ஊருக்குக் கூட்டிப் போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டு வருவது. பெரும்பாலான பெண்கள் இந்தப் படிகளில்தான் சிக்கித் தவிக்கிறார்கள்.

"கௌரவக் கொலை" என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் இப்போது பலரும் "ஆணவக் கொலை" என்றே எழுதுகிறார்கள். கொன்றவனின் செயலுக்குக் கௌரவம் என்ற நல்ல பெயரை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டு மாற்றப்பட்ட சொல் அது. சரியான மாற்றம். இந்தக் கட்டுரையிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

வழக்கமான குடும்ப வன்முறையிலிருந்து இது எப்படி வேறு?

குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன் பெரும்பாலும் தனி ஆள். அந்த மனைவி அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ ஓடலாம். அங்கே அடைக்கலம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆணவ வன்முறையில் அந்த அம்மாவும் அக்காவுமே எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். அப்பா, சித்தப்பா, அண்ணன், ஒன்றுவிட்ட தம்பி என்று பலர் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். வெறும் கோபத்தில் நடப்பதில்லை. திட்டம் போட்டு நடக்கிறது. செய்து முடித்தவனை உறவுக்காரர்களில் சிலர் மெச்சவும் செய்கிறார்கள். ஓடிப்போன பெண்ணைத் தேட ஒரு சமூகமே கிளம்புகிறது.

இந்த வேறுபாடு புரிந்தால்தான் "வீட்டில் பேசிப் பார்க்கலாமே" என்பது ஏன் உதவாது என்பதும் புரியும்.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்ல முடியுமா?

பனாஸ் மஹ்மூத் என்ற பெண்ணின் கதையைச் சொல்கிறேன். இராக்கின் குர்து இனக் குடும்பம். அகதிகளாக வந்து தெற்கு லண்டனில் குடியேறியவர்கள். பனாஸுக்கு 17 வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். கணவன் அடித்துத் துன்புறுத்தினான். தாங்க முடியாமல் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினாள். அதன்பின் வேறொரு இளைஞனை விரும்பினாள். ஒரு ரயில் நிலையத்துக்கு வெளியே இருவரும் முத்தமிட்டுக்கொண்டதை அவர்களுடைய சமூகத்து ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். செய்தி வீட்டுக்குப் போனது. உறவு ஆண்கள் கூடி, அவளைக் கொல்வது என்று முடிவெடுத்தார்கள்.

பனாஸுக்கு அது தெரிந்துவிட்டது. போலீஸிடம் போனாள். யார் யாரால் தன் உயிருக்கு ஆபத்து என்று பெயர்களை எழுதிக் கடிதமாகவே கொடுத்தாள்.

2005 டிசம்பர் 31 அன்று அவளுடைய அப்பா அவளைப் பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போய், திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, பிராந்தி குடிக்கச் சொன்னார். அவள் அதுவரை குடித்ததே இல்லை. என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. வெறும் கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே குதித்து, ரத்தம் வழிய ஓடினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வந்து விசாரித்த போலீஸ் அதிகாரி அவள் சொன்னதை நம்பவில்லை. நாடகமாடுகிறாள் என்று நினைத்தார். உடைந்த ஜன்னலுக்காக அவள்மீதே வழக்குப் போடலாமா என்றுகூட யோசித்தார். அவளை விரும்பிய இளைஞன்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பேசியதைத் தன் செல்போனில் படம் பிடித்து வைத்தான்.

அடுத்த சில வாரங்களில் அந்த இளைஞனைக் கடத்த முயன்றார்கள். இருவரும் மறுபடி போலீஸிடம் போனார்கள். இந்த முறை பாதுகாப்பான இடத்தில் தங்க வைப்பதாகப் போலீஸ் சொன்னது. ஆனால் வீட்டில் அம்மா இருக்கிறார், அதனால் ஒன்றும் ஆகாது என்று நம்பி அவள் வீட்டுக்குப் போனாள். 2006 ஜனவரி 24 அன்று அந்த வீட்டிலேயே கொல்லப்பட்டாள். வயது 20. மூன்று மாதம் கழித்து, பர்மிங்காமில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், மண்ணுக்கடியில் புதைத்த சூட்கேஸில் உடல் கிடைத்தது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் 2007இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. இராக்குக்குத் தப்பி ஓடிய உறவினர் இருவரை லண்டனுக்குக் கொண்டுவந்து 2010இல் தண்டித்தார்கள். பனாஸின் அக்கா நீதிமன்றத்தில் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு அவர் மறைந்து வாழ வேண்டியதாயிற்று.

இந்த வழக்கிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள்?

"ஒரே வாய்ப்பு விதி" என்ற ஒன்றைப் பிரிட்டன் தன் அதிகாரிகளுக்குச் சொல்லித் தருகிறது. இப்படிப்பட்ட பெண் உங்களிடம் வாய் திறந்து பேசுவது ஒரே ஒரு முறையாக இருக்கலாம். நம்பாமல் திருப்பி அனுப்பினால் இன்னொரு முறை அவள் வரவே முடியாமல் போகலாம் என்பதுதான் அந்த விதி. ஆசிரியர், டாக்டர், போலீஸ் என யாரிடம் அவள் வந்தாலும் இதே விதிதான்.

விதி இருந்தாலும் நடைமுறை உடனே மாறிவிடவில்லை. காவல் துறையின் பணியை ஆய்வு செய்யும் அமைப்பு 2015இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 43 காவல் பிரிவுகளைச் சோதித்தது. இத்தகைய வழக்குகளைக் கையாள எல்லா வகையிலும் தயாராக இருந்தவை மூன்றே மூன்று. அதனால்தான் அதிகாரிகளைத் தாண்டி, உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இது ஒரு குறிப்பிட்ட மதத்தின் பிரச்சினைதானே?

இல்லை. பனாஸின் குடும்பம் முஸ்லிம் குடும்பம். ஆனால் லண்டனில் வாழ்ந்த சுர்ஜித் அத்வாலின் குடும்பம் சீக்கியக் குடும்பம். விவாகரத்து கேட்ட அவரை 1998இல் கல்யாண வீட்டுக்கு என்று சொல்லிப் பஞ்சாபுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அவரைக் கொல்ல ஏற்பாடு செய்ததாக மாமியாருக்கும் கணவனுக்கும் லண்டனில் 2007இல் தண்டனை கிடைத்தது. ஜெர்மனியில் 2011இல் கொல்லப்பட்ட ஆர்ஸு என்ற இளம்பெண் யஸீதி மதத்தைச் சேர்ந்தவள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும், அவர் மனைவி கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்ததும் நம் ஊரில் சாதியின் பேரால் நடந்தவை.

மதம் வேறு, மொழி வேறு, நாடு வேறு. பெண்ணின் உடலில் குடும்ப மானத்தை வைத்துப் பூட்டும் பழக்கம் மட்டும் ஒன்று. எந்தச் சமூகத்தில் கல்யாணத்தை வைத்துச் சாதியும் குலமும் சொத்தும் காப்பாற்றப்படுகிறதோ, அங்கெல்லாம் இந்தப் பழக்கம் தலை தூக்கும்.

வெளிநாட்டில் குடியேறிய எல்லாக் குடும்பங்களும் இப்படியா?

நிச்சயமாக இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைகளோடு வாதாடி, வருத்தப்பட்டு, விட்டுக்கொடுத்து வாழ்கின்றன. ஒரு சில குடும்பங்களின் குற்றத்தை வைத்து ஓர் இனத்தையே பழிப்பது தவறு. அப்படிப் பழிப்பதால் அந்தச் சமூகத்துப் பெண்கள்தான் இன்னும் ஒடுங்கிப் போவார்கள். "நம்ம ஆட்களைப் பற்றி வெளியே சொன்னால் நம்மையே கேவலமாகப் பேசுவார்கள்" என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

படித்து, வெளிநாட்டில் வாழ்ந்த பிறகும் ஏன் இப்படி?

முதல் காரணம், அவர்கள் மனதில் ஊர் நின்றுவிடுகிறது. ஒருவர் 1985இல் ஊரை விட்டுக் கிளம்பினால், அந்த 1985ஆம் ஆண்டின் வழக்கங்களைத்தான் ஊர் வழக்கம் என்று நெஞ்சில் வைத்துக் காக்கிறார். அதற்குள் ஊரே மாறிவிட்டிருக்கும். அவர் வீடு மாறியிருக்காது.

இரண்டாவது, தனிமை. புது நாட்டில் மொழி தெரியாது, மதிப்பு கிடையாது. கோயிலோ மசூதியோ குருத்வாராவோ, தன் சொந்த ஆட்கள் கூடும் இடத்தில்தான் அவருக்கு ஒரு நாற்காலி. அந்த "நாலு பேர்" என்ன சொல்வார்களோ என்ற பயம் ஊரில் இருந்ததைவிட அங்கே கூடுகிறது.

மூன்றாவது, கல்யாணத்தோடு ஒட்டியிருக்கும் லாபம். அண்ணன் மகனுக்குப் பெண்ணைக் கட்டி வைத்தால் அவனுக்கு விசா வாய்ப்பு, பழைய கடனுக்குக் கைம்மாறு, சொத்து வெளியே போகாது. மானம் என்று சொல்லப்படுவதற்குள் இதுவும் ஒளிந்திருக்கலாம்.

பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணமே தப்பு என்கிறீர்களா?

இல்லை. இந்தச் சந்தேகம் உங்களுக்கு வரும் என்று தெரியும். பிரிட்டன் சட்டமும் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

பெற்றோர் வரன் பார்க்கிறார்கள், பெண்ணும் பையனும் பேசிப் பார்க்கிறார்கள், "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடுகிறார்கள். இது ஏற்பாட்டுத் திருமணம். "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் விடாமல் கட்டி வைப்பது கட்டாயத் திருமணம்.

கட்டாயம் என்றால் அடி உதை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். "நீ சம்மதிக்கலைன்னா விஷத்தைக் குடிச்சிருவேன்" என்று அம்மா சொல்வதும், "தங்கச்சி கல்யாணம் நின்னு போகும்" என்று தினமும் குத்திக்காட்டுவதும்கூட வற்புறுத்தல்தான். அந்த நெருக்கடியில் அவள் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஜூனிலிருந்து கட்டாயத் திருமணம் தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. மகளை ஏமாற்றிப் பாகிஸ்தானுக்குக் கூட்டிப் போய்க் கட்டி வைத்த பர்மிங்காம் தாய் ஒருவருக்கு 2018இல் நாலரை ஆண்டு சிறை கிடைத்தது. 2023 பிப்ரவரி 27 முதல் அங்கே கல்யாண வயது 18. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்குக் கல்யாண ஏற்பாடு செய்தாலே குற்றம். வற்புறுத்தினார்களா என்ற கேள்வியே எழாது. பதிவு செய்யாமல் சடங்காக மட்டும் செய்தாலும், ஊருக்குக் கூட்டி வந்து செய்தாலும் இதே சட்டம்தான்.

எந்த அறிகுறிகளைப் பார்த்து விழித்துக்கொள்ள வேண்டும்?

நன்றாகப் படித்த பெண் திடீரென மார்க்கில் சரிகிறாள். பள்ளி வாசலில் தினமும் யாராவது காத்திருக்கிறார்கள். தோழிகளின் பிறந்தநாளுக்குக்கூட விடுவதில்லை. அவளுடைய அக்காக்களுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் ஆகியிருக்கிறது. கோடை விடுமுறை நெருங்க நெருங்க, மற்றப் பிள்ளைகள் குதிக்கும்போது இவள் மட்டும் ஒடுங்குகிறாள். கையில் வெட்டுக்காயங்கள் தெரிகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பல சேர்ந்து வந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வாரிங்டன் ஊரில் வாழ்ந்த ஷஃபிலியா அகமதுவை 2003 தொடக்கத்தில் பெற்றோர் பாகிஸ்தானுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அவள் பிளீச்சைக் குடித்துத் தொண்டையைப் பொசுக்கிக்கொண்டாள். கட்டாயக் கல்யாணத்துக்கு அஞ்சிய ஒரு பெண்ணின் அலறல் அது. திரும்பி வந்து மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றாள். அந்தச் செப்டம்பரில், 17 வயதில், பெற்றோர் கையாலேயே கொல்லப்பட்டாள். ஏழு ஆண்டு கழித்துத் தங்கை உண்மையைச் சொன்ன பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 2012இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

ஒரு பெண் என்னிடம் சொன்னால் முதலில் என்ன செய்வது?

நம்புங்கள். "உங்க அப்பா அப்படிப்பட்டவர் இல்லம்மா" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதும் அவள் போனை வைத்துவிடுவாள். "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உனக்குத் தெரியாம யார்கிட்டயும் போக மாட்டேன்" என்று சொல்லுங்கள்.

அடுத்து, பெற்றோரிடம் போகாதீர்கள். கனடாவில் 2009இல் கிங்ஸ்டன் நகரக் கால்வாயில் மூழ்கிய காருக்குள் மூன்று சகோதரிகளும் அவர்கள் அப்பாவின் முதல் மனைவியும் பிணமாகக் கிடைத்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பம். அப்பா, அம்மா, சகோதரன் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று 2012இல் தீர்ப்பானது. அந்தச் சகோதரிகளில் ஒருத்தி அதற்கு முந்தைய ஆண்டே பள்ளியில் வாய் திறந்திருந்தாள். குழந்தைகள் நல அதிகாரி வந்து, "இதை உன் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று சொன்னதும், தான் சொன்னதையெல்லாம் இல்லை என்று மறுத்துவிட்டாள். கோப்பு மூடப்பட்டது.

சமரசம் பேசாதீர்கள். பூசாரி, இமாம், சங்கத் தலைவர், பெரியப்பா என்று யாரையும் நடுவராக அழைக்காதீர்கள். அவள் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் உறவுக்காரரையோ தெரிந்தவரையோ உட்கார வைக்காதீர்கள். எத்தனை பேருக்கு விஷயம் தெரிகிறதோ அத்தனை வாசல் வழியாக அது வீட்டுக்குத் திரும்பும்.

அவளிடம் எதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

எந்த நாளில் எத்தனை மணிக்குப் பேசுவது பாதுகாப்பு, எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்று முதலில் கேளுங்கள். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சங்கேதச் சொல் (ஆபத்து என்று உணர்த்தும் ரகசிய வார்த்தை) வைத்துக்கொள்ளுங்கள். "அம்மாவோட ரசம் எப்படி இருந்துச்சு?" என்பது போல யாருக்கும் சந்தேகம் வராத ஒன்று போதும்.

அவளுடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படம், பயண நாள், விமான எண், ஊரில் தங்கப் போகும் முகவரி, அங்கே இருக்கப் போகிறவர்களின் பெயர், திரும்பி வரும் தேதி, அண்மையில் எடுத்த புகைப்படம். இவற்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் போனில் இருக்கும் உங்கள் செய்திகளை அழித்துவிடச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் அவள் திரும்பவில்லை என்றால் தேடத் தொடங்க இந்த விவரங்கள்தான் வேண்டும்.

யாரிடம் உதவி கேட்பது?

பிரிட்டனில் கட்டாயத் திருமணப் பிரிவு என்ற அரசு அலுவலகம் 2005இலிருந்து இயங்குகிறது. வெளியுறவுத் துறையும் உள்துறையும் சேர்ந்து நடத்துகின்றன. எண்: 020 7008 0151. வெளிநாட்டிலிருந்து அழைத்தால் முன்னால் 44 சேர்த்து, முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். பாதிக்கப்படும் பெண்தான் பேச வேண்டும் என்றில்லை. அத்தையும் பேசலாம், ஆசிரியரும் பேசலாம்.

கர்ம நிர்வாணா என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச எண்: 0800 5999 247. இதைத் தொடங்கியவர் ஜஸ்விந்தர் சங்கேரா. டெர்பி நகரில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து 16 வயதில் வீட்டை விட்டு ஓடினார்; குடும்பம் அவரைத் தலைமுழுகியது. துன்பமான கல்யாணத்தில் சிக்கிய அவருடைய அக்கா தீக்குளித்து இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து 1993இல் எழுந்ததுதான் இந்த நிறுவனம்.

உயிருக்கே ஆபத்து என்றால் பிரிட்டனில் 999, கனடாவில் 911, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. பிரிட்டனில் வாய் திறந்து பேச முடியாத நிலை என்றால், செல்போனில் 999 அழுத்தி, கேட்கும்போது 55 என்ற எண்ணை அழுத்தினால் போதும். பேச முடியாமல் தவிக்கிறார் என்று புரிந்துகொண்டு போலீஸுக்கு இணைப்பார்கள்.

புகார் கொடுத்தால் அப்பா அம்மா ஜெயிலுக்குப் போய்விடுவார்களே?

பல பெண்கள் கடைசி நிமிடத்தில் பின்வாங்குவது இந்த ஒரு பயத்தால்தான். அடித்தாலும் பூட்டினாலும் அவர்கள் அவளைப் பெற்றவர்கள். அவர்கள் சிறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கல்யாணம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டாயத் திருமணப் பாதுகாப்பு ஆணை (கல்யாணத்தைத் தடுத்து நீதிமன்றம் போடும் உத்தரவு) என்று பெயர். 2008 நவம்பரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. இது சிவில் உத்தரவு. இந்த உத்தரவு வாங்குவதால் மட்டும் பெற்றோர்மேல் குற்ற வழக்கு வராது. மீறினால்தான் ஐந்து ஆண்டு வரை சிறை.

இந்த ஆணைக்கு விண்ணப்பிக்க நீதிமன்றக் கட்டணம் இல்லை. அவசரம் என்றால் குடும்பத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், நாட்டை விட்டுக் கூட்டிப் போகக் கூடாது என்று தடுக்கலாம், ஏற்கெனவே கூட்டிப் போயிருந்தால் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம். அவள் சார்பாக உள்ளூராட்சி மன்றம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்ற அனுமதியோடு உறவினரோ ஆசிரியரோகூட விண்ணப்பிக்கலாம்.

கல்யாணமாகி வந்த பெண். விசா கணவன் பெயரில். வெளியே வந்தால் நாடு கடத்திவிடுவார்களா?

"போலீஸுக்குப் போனா உன்னை ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுருவேன்" என்று மிரட்டும் கணவன்மார் உண்டு. அது அவன் கையில் இல்லை. பிரிட்டனில் துணைவர் விசாவில் வந்த பெண், வன்முறையால்தான் கல்யாணம் முறிந்தது என்று காட்டினால், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குத் தானே விண்ணப்பிக்கலாம். இந்த வகையில் தெற்காசியப் பெண்களுக்குத் துணை நிற்கும் அமைப்பு சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ். 1979இலிருந்து லண்டனில் இயங்குகிறது. வேறு வகை விசாவில் இருப்பவர்களும் முடிவெடுப்பதற்கு முன் இத்தகைய அமைப்பிடம் பேசிவிடுவது நல்லது.

விமான நிலையம் வரை கூட்டிவந்துவிட்டார்கள் என்றால்?

அதுவும் கடைசி வாசல் இல்லை. கர்ம நிர்வாணா தன்னை அழைத்த பெண்களுக்கு ஒரு யோசனை சொன்னது. உள்ளாடைக்குள் ஒரு கரண்டியை வைத்துக்கொள். பாதுகாப்புச் சோதனையில் கருவி அலறும். உன்னைத் தனியே அழைத்துப் போய்ச் சோதிப்பார்கள். குடும்பத்தின் கண் படாத அந்த இடத்தில் விஷயத்தைச் சொல்லிவிடு. சாப்பிடும் கரண்டிதான், ஆனால் பல நாள் கிடைக்காத தனிமையை அது அவளுக்கு வாங்கித் தரும்.

ஊருக்கே கூட்டி வந்துவிட்டார்கள் என்றால்?

இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181, 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098, அவசரம் என்றால் 112. இலங்கையில் பெண்களுக்கு 1938, குழந்தைகளுக்கு 1929. பிரிட்டன் குடியுரிமை உள்ள பெண்ணுக்குச் சென்னையிலும் கொழும்பிலும் உள்ள பிரிட்டன் தூதரக அலுவலகங்கள் உதவும். கட்டாயத் திருமணப் பிரிவு அவர்களோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது.

இந்த இடத்தில்தான் ஊரில் இருக்கும் நம் பங்கு பெரிது. பந்தல் போடுகிறவர், பத்திரிகை அடிக்கிறவர், மண்டபம் கொடுக்கிறவர், பெண்ணுக்குத் தலை சீவிப் பூ வைக்கிற சித்தி. அவள் அழுவதைப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். "கல்யாணப் பொண்ணு அழத்தானே செய்யும்" என்று கடந்து போகாதீர்கள். இரண்டு நிமிடம் தனியாக விடச் சொல்லி, "உனக்கு இது சம்மதந்தானா?" என்று காதோடு கேளுங்கள்.

பெற்றோராக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்நிய நாட்டில் மகள் கெட்டுப் போவாளோ, நம்மை விட்டுப் போய்விடுவாளோ, ஊரில் என்ன சொல்வார்களோ என்று தூக்கம் வராத இரவுகள் உங்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை மகளிடம் பேச்சாகச் சொல்லுங்கள். பூட்டாகவும் அடியாகவும் காட்டாதீர்கள். அவள் "வேண்டாம்" என்று சொன்னால் அங்கே நிறுத்துங்கள். உறவில் யாராவது "நாங்க பார்த்துக்கறோம், பொண்ணைக் கொஞ்ச நாள் இங்க அனுப்பு" என்றால் அனுப்பாதீர்கள்.

அந்த "நாலு பேர்" எத்தனை நாள் பேசுவார்கள்? அடுத்த வீட்டில் ஒரு சங்கதி கிடைக்கும் வரை. மகளை இழந்த வீடு அதன் பிறகு எத்தனை ஆண்டு ஆனாலும் வீடாகத் திரும்புவதில்லை.

கடைசியாக ஒன்று

ஷஃபிலியாவின் பிறந்தநாள் ஜூலை 14. ஆணவக் கொலைக்குப் பலியானவர்களை நினைக்கும் நாளாக 2015 முதல் பிரிட்டனில் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். பள்ளிகளின் கோடை விடுமுறை தொடங்கப் போகும் நேரம் அது. ஊருக்குப் போகும் விமானச் சீட்டுகள் வீடுகளுக்கு வந்து சேரும் நேரமும் அதுவே.

மேலே சொன்ன எண்களை இப்போதே உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் உங்களைக் கூப்பிடலாம். அவள் உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு: என்னை நம்புங்கள், அப்பாவிடம் சொல்லாதீர்கள். அவள் கேட்ட அந்த இரண்டையும் செய்யுங்கள்.